தாம்பரம் ஃபாஸ்ட்: லாட்ஜ்ல இடம் இருக்கு... ஆள்தான் இல்லை!

'லாட்ஜ்'னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது பாஸ்? தாம்பரம் ஸ்டேஷன்ல இறங்கி வெளியே வந்ததும் கண்ணுல படுற போர்டுதானே? ஒரு ஃபேன், ஒரு பக்கெட், ஒரு உடைஞ்ச கண்ணாடி. தலைகாணி உறையைப் பத்தி மட்டும் கேட்கவே கூடாது!

அந்த லாட்ஜ் இல்லீங்க. இந்த வாரம் நம்ம ரயில் நிக்கப்போறது வேற லாட்ஜ்ல. இங்கே ரூம் வாடகை கிடையாது, செக்-அவுட் டைம் கிடையாது. உறுப்பினர் ஆனாத்தான் உள்ளே விடுவாங்க. உள்ளே போனா, ஜட்ஜா இருந்தாலும் கடைக்காரரா இருந்தாலும் ஒருத்தரை ஒருத்தர் 'பிரதர்'னுதான் கூப்பிடணும். ஆமா, ஃப்ரீமேசன் லாட்ஜ்!

'ஐயோ, இல்லுமினாட்டி! உலகத்தையே ஆட்டிப் படைக்கிற ரகசியக் கூட்டம்!'னு உடனே யூ-டியூப்ல தேட ஆரம்பிச்சிடாதீங்க. உலகத்தை ஆட்டிப் படைக்கிறது அப்புறம். வெளிநாட்டுல பல லாட்ஜ்களுக்கு மாசக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறதே பெரும்பாடா இருக்கு. 'அவங்க லாட்ஜ் காலியானா எனக்கென்ன?'ன்னு கேட்பீங்க. கேளுங்க. அதே வியாதி உங்க காலேஜ் கிளப்புக்கும் இருக்கு, உங்க தெரு நலச் சங்கத்துக்கும் இருக்கு. கிளப் செத்தா போஸ்டர் ஒட்ட ஆள் இருக்காது, அவ்வளவுதான். தெருச் சங்கம் செத்தா என்ன ஆகும்னு கடைசியில பார்ப்போம்.

கொத்தனார் கதை

ஃப்ரீமேசன்ங்கிற பேரைப் பிடிச்சு இழுத்தா, அது கொத்தனார்ல போய் நிக்கும். ஐரோப்பாவில் கல் கட்டடம் கட்டியவர்களின் சங்க மரபிலிருந்து வந்த பெயர், அடையாளங்கள் எல்லாம். அப்புறம் கரண்டியே பிடிக்காத கனவான்களும் உள்ளே வந்துட்டாங்க. 1717-ல் லண்டனில் நாலு லாட்ஜ்கள் ஒன்று சேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' அமைத்தன என்பது அவர்களே சொல்லும் வரலாறு.

அவங்க சின்னத்தைப் பார்த்தா இன்ஜினீயரிங் பசங்களுக்குப் பழைய காயம் கிளறும். காம்பஸும் மூலைமட்டமும்! ஃபர்ஸ்ட் இயர்ல இன்ஜினீயரிங் டிராயிங்ல நம்மளை அழவெச்ச அதே அயிட்டங்கள். லாட்ஜின் தலைவர் கழுத்தில் தொங்குவது மூலைமட்டம். அடுத்த ரெண்டு நிர்வாகிகள் கழுத்தில் ரசமட்டம், தூக்குக்குண்டு. 'நேரா நட, சமமா நட'ன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு பில்டப்! கடவுள் நம்பிக்கை இருக்கணும். ஆனா உள்ளே மதச் சண்டையும் கிடையாது, அரசியல் பேச்சும் கிடையாது. நம்ம டீக்கடையில 'இங்கு அரசியல் பேசாதீர்கள்'னு போர்டு போட்ட மாதிரி!

இந்தியாவில் முதல் லாட்ஜ் 1730-ல் கல்கத்தாவில் தொடங்கியது. சென்னைக்கு 1752-ல் வந்துவிட்டது. வெள்ளைக்காரங்க தங்களுக்குள்ள நடத்திக்கிட்ட விஷயம். 1770-களில் திருச்சியில் ஓர் இந்தியர் உள்ளே போனார். யார் தெரியுமா? ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத் உல் உமரா. நவாப் வீட்டுப் பிள்ளைன்னா கதவு திறக்குது! சாதாரண ஆளுக்கு? பம்பாயில் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கேட்டபோது சேர்க்க மறுத்துவிட்டார்கள். மனுஷன் சளைக்கலை. பாரீஸுக்குப் போய் அங்கே உறுப்பினராகித் திரும்பினார். அதன் பிறகு 1843-ல் பம்பாயில் இந்தியர்களையும் சேர்த்துக்கொள்ளும் லாட்ஜ் ஒன்று உருவானது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் நெடுநாள் போராடி 1872-ல் உள்ளே நுழைந்தார். அதே ஊரில் 1884-ல் உறுப்பினரான இளைஞர் நரேந்திரநாத் தத்தா. விவேகானந்தர்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்.

1961-ல் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் வந்தது. சென்னையில் இவர்களின் ஃப்ரீமேசன்ஸ் ஹால், எழும்பூர் பக்கம் எத்திராஜ் காலேஜ் இருக்கும் அதே எத்திராஜ் சாலையில் இருக்கிறது. தினமும் அந்த வழியா போற எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியும்? கேட்டுப் பாருங்க. 'ஏதோ ஹால்'னு பதில் வரும். வட இந்தியாவில் இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு மக்கள் வெச்ச பேரு 'ஜாதூ கர்', அதாவது மந்திர வீடு. நாம எதுவும் சொல்லலைன்னா, ஊர் தானாவே ஒரு கதை கட்டிக்கும் இல்லையா?

41 லட்சம் எங்கே போச்சு?

1959-ல் அமெரிக்காவில் மட்டும் 41 லட்சம் ஃப்ரீமேசன்கள் இருந்தார்கள். இன்றைக்கு 10 லட்சத்துக்கும் கீழே. ஒரு தலைமுறை வயசாகிப் போச்சு, அடுத்த தலைமுறை வரலை.

ஏன் வரலை? ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2000-ல் இதைப் பற்றி ஒரு தடிமனான புத்தகமே எழுதினார். லாட்ஜ் மட்டுமில்லை, பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து பந்து உருட்டும் போட்டிக் குழு வரைக்கும் எல்லாமே தேய்ஞ்சு போச்சுங்கிறார். டி.வி. ஒரு காரணம், தலைமுறை மாற்றம் இன்னொரு காரணம். மூணாவதா அவர் சொன்னதுதான் நம்ம ஏரியாவுக்கு நச்சுனு பொருந்துது. தினசரிப் பயண நேரம் கூடுதலா பத்து நிமிஷம் ஆனா, ஊர்ப் பொதுக் காரியங்களில் ஈடுபாடு பத்து சதவிகிதம் குறையுதாம்.

மறைமலை நகர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை மக்களே, உங்க கணக்கைப் போட்டுப் பாருங்க. காலையில ஏழு மணிக்கு பஸ் பிடிச்சு, ராத்திரி எட்டு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்ல நீந்தி வீடு வந்து சேர்றவங்க, ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வருவாங்கன்னா நினைக்கிறீங்க? தூங்கத்தான் செய்வாங்க. தப்புன்னும் சொல்ல முடியாது.

ஆனா பயணம் மட்டுமே காரணம்னா, அதே ஆள் ஆடி மாசம் தெருமுனை அம்மன் கோயில் கூழ் ஊத்தறப்போ மட்டும் எப்படி லீவு போட்டுட்டு வந்து வாளி தூக்குறார்? அங்கே அவர் கையில ஒரு வேலை இருக்கு. சங்கக் கூட்டத்துல அவருக்கு பிளாஸ்டிக் சேர் மட்டும்தான் இருக்கு. மேட்டரே இதுதான்!

கதவைத் திறந்தவங்க

இங்கிலாந்து ஃப்ரீமேசன்கள் என்ன செஞ்சாங்க? முதலில் நம்ம வயசுக்காரங்களைத் தேடி வந்தாங்க. ஆக்ஸ்ஃபோர்டில் 1819-லிருந்தும் கேம்பிரிட்ஜில் 1861-லிருந்தும் மாணவர்களுக்கென்றே லாட்ஜ்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் லாட்ஜுக்கு ஐசக் நியூட்டன் பெயர். இந்த மாடலை 2005-ல் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டு போனார்கள். 2018-ல் லண்டன் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, 'எங்களைப் பற்றிய தப்பான பேச்சு போதும், கேள்வி இருந்தா நேரா வந்து கேளுங்க' என்கிற பாணியில் ஊருக்கே அழைப்பு விட்டார்கள். முந்நூறு வருஷமா வாயைத் திறக்காதவங்க!

ரோட்டரி கதை இன்னும் சுவாரஸ்யம். 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸும் மூணு நண்பர்களும் ஆரம்பிச்சது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருத்தர் ஆபீஸில் சுழற்சி முறையில் கூட்டம் நடந்ததால் அந்தப் பேரு. சென்னைக்கு 1929-ல் வந்தது. பல வருஷம் ஆண்கள் மட்டும்தான். 1989-லதான் பெண்களுக்குக் கதவு திறந்துச்சு. காலேஜ் பசங்களுக்கான ரோட்டராக்ட் 1968-ல் ஆரம்பிச்சது. முப்பது வயசானா வெளியே போகணும்ங்கிற விதியையும் 2020-ல் தூக்கிட்டாங்க.

அதைவிடப் பெரிய விஷயம் போலியோ. தெருவில் யாரையாவது நிறுத்தி 'ரோட்டரின்னா என்ன?'ன்னு கேளுங்க. 'சொட்டு மருந்து கேம்ப்ல பேரு பார்த்திருக்கேன்'ம்பாங்க. 1985-ல் எடுத்த வேலையை விடாம பிடிச்சாங்க. அரசும் சுகாதார ஊழியர்களும் வீடு வீடா நடந்தாங்க. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான (வைல்டு) போலியோ வைரஸால் ஒரு கேஸ்கூட இல்லை. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்துவிட்டது. ஊருக்குத் தெரிஞ்ச ஒரு வேலை, நூறு போஸ்டருக்குச் சமம்.

'பெண்களுக்கு லாட்ஜ்ல இடம் உண்டா?'ன்னு தோழிகள் கேட்கிறது காதுல விழுது. இந்திய கிராண்ட் லாட்ஜ் ஆண்களுக்கு மட்டும்தான். ஆனால் ஆண், பெண் இருவரையும் சேர்க்கும் தனிப்பிரிவு ஒன்று உண்டு. நம்ம அடையாறில் இருந்த அன்னி பெசன்ட் 1902-ல் அதில்தான் சேர்ந்தார். மற்றபடி, பாதி ஊரை வாசல்ல நிறுத்திட்டு 'ஆளே வரலை'ன்னு வருத்தப்படுற சங்கங்களுக்கு நான் ஆறுதல் சொல்றதா இல்லை!

மூணு நாற்காலி

லாட்ஜ் அமைப்பில் நாம் சுட வேண்டிய ஐடியா மூணு இருக்கு. காப்பிரைட் கிடையாது, தைரியமா சுடலாம்.

முதல் ஆள் டைலர். துணி தைக்கிறவர் இல்லீங்க! வாசலில் வாளோடு நிற்பவர். யார் வர்றாங்கன்னு பார்த்து உள்ளே அனுப்புறதுதான் அவர் வேலை. வாளை விடுங்க. நம்ம கிளப்ல வாசல்ல நின்னு, புதுசா வர்ற ஜூனியர்கிட்ட பேரைக் கேட்டு, நாலு பேருக்கு அறிமுகம் செய்யறதுக்கு ஒரு ஆள் இருக்காரா? பாதிப் பேர் முதல் கூட்டத்துலயே ஓரமா உட்கார்ந்து போன் நோண்டிட்டு, ரெண்டாவது கூட்டத்துக்கு வராம போறது இதனாலதான்.

ரெண்டாவது ஆள் ஸ்டூவர்ட். லாட்ஜ் கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவாங்க. அங்கே பரிமாறும் வேலை பெரும்பாலும் புதுசா சேர்ந்தவருக்குத்தான். ராகிங் இல்லை பாஸ், இதுல விஷயம் இருக்கு. நம்ம கல்யாண வீட்டுல புது மாப்பிள்ளையோட தம்பி கையில சாம்பார் வாளியைக் கொடுத்துப் பாருங்க. ஒரு பந்தி முடியறதுக்குள்ள ரெண்டு வீட்டுச் சொந்தமும் அவனுக்குப் பழக்கமாயிடும். அதிகாரமும் ஒரே கையில தங்கறதில்லை. வழக்கமா வருஷத்துக்கு ஒரு தலைவர். வாளி தூக்கினவர் படிப்படியா ஏறி ஒருநாள் தலைவர் நாற்காலிக்கு வந்திடலாம். பதினஞ்சு வருஷமா ஒரே தலைவர், ஒரே செயலாளர்னு ஓடுற சங்கங்கள் இதை மட்டும் ரெண்டு தடவை படிக்கவும்.

மூணாவது ஆள்தான் ஹீரோ. ஆல்மனர்னு பேரு. யார் கூட்டத்துக்கு வரலை, யாருக்கு உடம்பு சரியில்லை, இறந்துபோன உறுப்பினரோட மனைவி எப்படி இருக்காங்க... இதை எல்லாம் விசாரிக்கிறதுதான் இவர் பொறுப்பு. வராதவரைத் தேடிப் போறதுக்குன்னே ஒரு பதவி! நம்ம காலேஜ் கிளப்ல வராதவனுக்கு என்ன கிடைக்கும்? வாட்ஸ்அப் குரூப்ல இருந்து 'ரிமூவ்டு'.

மண்டகப்படி மேஜிக்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லித்தான் தெரியணுமான்னா, இல்லவே இல்லை. நம்ம ஊர்க் கோயில் திருவிழாவைப் பாருங்க. பத்து நாள் திருவிழான்னா பத்து மண்டகப்படி. முதல் நாள் ஒரு தெரு, ரெண்டாம் நாள் ஒரு கடைவீதி, மூணாம் நாள் ஒரு குடும்பம். அன்னிக்குச் செலவும் அவங்களுது, மரியாதையும் அவங்களுது. தலைமுறை தலைமுறையா விடாம நடக்கும். வேலையைப் பத்தாப் பிரிச்சுப் பத்துப் பேர் கையில கொடுத்துட்டதால யாரும் விட்டுப்போறதில்லை.

நம்ம தாம்பரத்துல கிறிஸ்டியன் காலேஜ் சீனியர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்க. 1937-ல் காலேஜ் இங்கே இடம் மாறி வந்ததிலிருந்து அங்கே ஹால் கலாசாரம் உண்டு. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். படிச்சு முடிச்சு முப்பது வருஷம் ஆனவர்கூட டிபார்ட்மென்ட்டுக்கு முன்னாடி ஹால் பேரைத்தான் சொல்வார். ஒரே கூரை, ஒரே சாப்பாடு, ஹால் டேக்கு ராத்திரி முழுக்க வேலை. பாசம் அங்கே தானா வந்தது.

இன்னொரு பக்கம் சிட்லபாக்கம். அங்கே ஏரிக்காகக் கிளம்பியது 'சிட்லபாக்கம் ரைஸிங்' என்ற தன்னார்வலர் குழு. 2019 கோடையில் சென்னையே தண்ணிக்குத் தவிச்சப்போ, குடும்பம் குடும்பமா ஏரியில இறங்கிக் குப்பை அள்ளினாங்க. மனு மேல மனு கொடுத்தாங்க. அதே ஆண்டு ஏரிச் சீரமைப்புக்கு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. சந்தா ரசீதைக் காட்டி ஆள் சேர்த்திருந்தா இது நடந்திருக்குமா? கையில கொடுத்தது ஒரு ஜோடி கிளவுஸ்தான்.

அந்த ராத்திரிக்கு யார்?

இப்போ, முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். 2015 டிசம்பர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவங்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். வீதியில படகு விட்ட நாள்கள். கரன்ட் இல்லை, டவர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ மறுபடியும் அதே முடிச்சூர், அதே தண்ணி.

அந்த மாதிரி ராத்திரியில படகோட வர்றவர் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? 'எந்த வீட்டுல ஆள் இருக்கு?' இதுக்குப் பதில் கூகுள் மேப்புல கிடையாது. எந்த மாடியில தாத்தா மட்டும் தனியா இருக்கார், எந்த வீட்டு அக்காவுக்கு இது ஒன்பதாவது மாசம், யாருக்கு டயாலிசிஸ் நாள், எந்த வீட்டுப் பிள்ளை நியூ ஜெர்சியில இருந்து போன் கிடைக்காம துடிக்கிறான்... இது தெருவுக்கு மட்டும்தான் தெரியும். தெருவுல யாராவது ஒருத்தர் ஆல்மனரா இருந்தா தெரியும். இல்லைன்னா யாருக்கும் தெரியாது.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிடுச்சு. அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சி சேர்ந்து 70 வார்டு. ஊர் பெருசாகப் பெருசாக, அலுவலகத்துக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவில இருக்கிற அந்தச் சின்னச் சங்கம்தான் முக்கியமாகுது. என் தெருச் சங்கத்தையே எடுத்துக்கோங்க. கூட்டத்துக்குப் போனா நான்தான் கடைக்குட்டி. எனக்கு அடுத்த சின்னப் பையனுக்கு ஐம்பத்தெட்டு வயசு! குடியரசு தினத்துக்குக் கொடி, மிட்டாய், மோட்டார் ரிப்பேருக்குச் சந்தா. இதுதான் நிகழ்ச்சி நிரல். அந்தப் பெரியவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். இருபது வருஷமா தெருவிளக்குக்கும் கால்வாய்க்கும் அலைஞ்சவங்க. ஆனா அவங்க முழங்காலுக்கு வயசாகிப் போச்சு. மழை ராத்திரியில மாடி ஏறி இறங்க அவங்களால முடியாது. நம்மால முடியும்.

சரி, என்ன செய்யலாம்?

பெருசா எதுவும் வேண்டாம். உங்க காலேஜ் கிளப்புல அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி மூணு பேரைப் பிரிச்சு விடுங்க. ஒருத்தர் வாசல்ல. ஒருத்தர், புதுசா வந்த ஒவ்வொருத்தர் கையிலும் அன்னிக்கே முடிக்கிற மாதிரி ஒரு சின்ன வேலை கொடுக்க. ஒருத்தர், வராதவங்களுக்குப் போன் போட. 'ஏன் வரலை?'ன்னு மிரட்டக் கூடாது. 'நல்லா இருக்கியா?'ன்னு கேட்டாப் போதும். வருஷம் முழுக்க நூறு நிகழ்ச்சி நடத்தி ரிப்போர்ட் எழுதறதை விட்டுட்டு, ஊருக்குத் தெரியற மாதிரி ஒரே ஒரு வேலையைப் பிடிங்க. ஓ.டி.க்காகவும் சர்ட்டிஃபிகேட்டுக்காகவும் வர்றவங்க வரட்டும், பரவாயில்லை. வாளியைக் கையில கொடுங்க, மிச்சத்தை வாளி பார்த்துக்கும்.

தெருவுல? இந்த ஞாயித்துக்கிழமை நலச் சங்கச் செயலாளர் அங்கிள் வீட்டுக்குப் போங்க. 'சந்தா வசூலிக்க வந்திருக்கியாப்பா?'ன்னு அதிர்ச்சி ஆவார், சமாளிங்க. 'அங்கிள், நம்ம தெருவுல தனியா இருக்கிற பெரியவங்க லிஸ்ட் எடுக்கலாமா?'ன்னு கேளுங்க. ஒரு குயர் நோட்டு போதும். வீட்டு நம்பர், எந்த மாடி, யாருக்குத் தகவல் சொல்லணும், என்ன மருந்து. ஆனா ஒரு கண்டிஷன். அவங்க சம்மதிச்சாத்தான் எழுதணும், வாட்ஸ்அப் குரூப்ல போடவே கூடாது. நோட்டு சங்கத்துல ரெண்டு பேர்கிட்ட மட்டும் இருக்கணும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அதாவது செப்டம்பருக்குள்ள முடிச்சிடுங்க.

மூலைமட்டமும் வேண்டாம், ரகசியக் கைகுலுக்கலும் வேண்டாம். இந்த நோட்டு ஒண்ணு இருந்தாலே உங்க தெருவுல ஒரு லாட்ஜ் ஓப்பன் ஆயிடுச்சுன்னு அர்த்தம். தலைகாணி உறை பத்திக் கவலையே பட வேண்டாம்!

அடுத்த வாரம் வேற பிளாட்பாரத்துல சந்திப்போம். நோட்டு வாங்கிட்டீங்களா?